என்பிஏ பிளேஆஃப்: ஒரு வீரரின் ஆட்டத்தை எண்களால் அளப்பது எப்படி?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில் ஒவ்வோர் அணியும் வழக்கமான பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. அதன் பிறகு 16 அணிகள் பிளேஆஃப் கட்டத்துக்குள் நுழைகின்றன. நான்கு சுற்றுகள் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அணிகள் ஒரு தொடரில் மோதும். முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். ஆகவே ஒரு தொடர் நான்கு ஆட்டங்களிலும் முடியலாம், ஏழு ஆட்டங்கள் வரையும் நீளலாம். 82 ஆட்டங்களுக்கென்று உருவான அளவுகோல்களை அந்த ஏழு ஆட்டங்களின் மீது அப்படியே வைத்துப் பார்ப்பதால்தான் புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

பிளேஆஃபில் மூன்று செய்திகள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. முதலாவது, ஆட்டங்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிடுகிறது. அதனால் தற்செயலின் பங்கு பெரிதாகிறது. இரண்டாவது, எதிரணி ஒன்றே ஒன்றுதான். அந்த அணியின் பயிற்சியாளர்கள் ஒரு வீரரின் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிட்டால், தொடர் முடியும்வரை அதையே குறிவைத்துத் தாக்குவார்கள். மூன்றாவது, முதன்மை வீரர்கள் களத்தில் இருக்கும் நேரம் கூடுகிறது, பத்துப் பதினோரு பேர் ஆடிய இடத்தில் எட்டு ஒன்பது பேர்தான் ஆடுகிறார்கள். ஒரு வீரரின் பிளேஆஃப் ஆட்டத்தை அளப்பது என்பது இந்த மூன்றின் விளைவையும் ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சியிருப்பதைப் பார்ப்பதுதான். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன. வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது.

தரவும் கருவியும்

தொடங்குவதற்குப் பணம் எதுவும் செலவழிக்க வேண்டியதில்லை. என்பிஏவின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரத் தளமும் பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளமும் போதும். ஓர் எக்செல் தாள், அல்லது அதைப் போன்ற ஏதேனும் ஒரு கணக்குத் தாள் இருந்தால் எல்லாக் கணக்குகளையும் போட்டுவிடலாம்.

எந்த ஆண்டிலிருந்து எந்தத் தரவு கிடைக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று புள்ளிக் கோடு (இதற்கு வெளியிலிருந்து போடும் ஷாட்டுக்கு மூன்று புள்ளி) 1979-80 பருவத்தில்தான் என்பிஏவுக்கு வந்தது. ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிரணியின் ஷாட்டைக் கையால் தடுப்பது) ஆகிய இரண்டும் 1973-74 முதல்தான் அதிகாரபூர்வமாகப் பதிவாகின்றன. அதற்கு முன்பே ஓய்வு பெற்ற பில் ரஸல் பிளேஆஃபில் எத்தனை ஷாட்டுகளைத் தடுத்தார் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கு இல்லை. ஆட்டத்தின் ஒவ்வொரு நிகழ்வையும் வரிசையாகக் காட்டும் விரிவான பதிவு 1996-97 முதல் கிடைக்கிறது. வீரர்களின் அசைவையும் பந்தின் அசைவையும் கேமராக்களால் பின்தொடரும் முறை 2013-14 பருவத்தில் எல்லா அரங்குகளுக்கும் வந்தது. எனவே, பழைய வீரரையும் இன்றைய வீரரையும் ஒப்பிடும் ஆசையைச் சில காலம் தள்ளிவைத்துவிட்டு, அண்மைக் காலத் தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன்.

முதற்படி: கேள்வியையும் அடிப்படை அளவையும் முதலில் எழுதுதல்

"இவர் பிளேஆஃபில் சிறப்பாக ஆடினாரா?" என்று கேட்டால் எந்த எண்ணும் பதில் சொல்லாது. "இந்தத் தொடரில், இந்த எதிரணிக்கு எதிராக, பருவம் முழுதும் அவரிடம் கண்டதைவிட அதிகம் செய்தாரா, குறைவாகச் செய்தாரா?" என்று கேட்டால் பதில் தேடலாம். ஆகவே தொடரின் எண்களைத் திறப்பதற்கு முன்பே, அந்த வீரரின் வழக்கமான பருவ எண்களைத் தாளின் முதல் நிரலில் எழுதிவிட வேண்டும்: ஆடிய நிமிடங்கள், எடுத்த ஷாட்டுகள், மூன்று புள்ளி முயற்சிகளும் அவற்றின் வெற்றி விகிதமும், ஃப்ரீ த்ரோக்கள் (எதிரணியின் விதிமீறலுக்காகத் தடுப்பின்றிக் கிடைக்கும் ஒரு புள்ளி ஷாட்டுகள்), ரீபவுண்டுகள் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பவை), அசிஸ்டுகள் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்த பாஸ்கள்), டர்ன்ஓவர்கள் (ஷாட் எடுக்காமலேயே பந்தை எதிரணியிடம் இழப்பவை). காயம் காரணமாகப் பருவத்தில் அவர் குறைவாக ஆடியிருந்தால், கடந்த இரண்டு மூன்று பருவங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கலாம். முடிவைப் பார்த்துவிட்டு அடிப்படை அளவைத் தேர்ந்தெடுத்தால், நமக்கு வேண்டிய முடிவுக்கு ஏற்ற அளவையே மனம் தேர்ந்தெடுக்கும்.

இரண்டாம் படி: நிமிடங்களின் விளைவைக் கழித்தல்

2023 பிளேஆஃபில் டென்வர் நகெட்ஸ் அணியின் நிகோலா யோகிச், 20 ஆட்டங்களில் 600 புள்ளிகள், 269 ரீபவுண்டுகள், 190 அசிஸ்டுகள் எடுத்தார். ஒரே பிளேஆஃபில் இந்த மூன்றின் மொத்த எண்ணிக்கையிலும் எல்லா வீரர்களையும் விஞ்சி முதலிடம் பிடித்தவர் அதற்கு முன் எவரும் இல்லை. ஆட்டத்துக்கு 30.0 புள்ளிகள், 13.5 ரீபவுண்டுகள், 9.5 அசிஸ்டுகள் என்று இது வரும். வழக்கமான பருவத்தில் அவருடைய சராசரி 24.5 புள்ளிகள், 11.8 ரீபவுண்டுகள், 9.8 அசிஸ்டுகள். புள்ளிகள் ஐந்தரை கூடியிருக்கின்றன, ரீபவுண்டும் கூடியிருக்கிறது. ஆகவே எல்லா வகையிலும் அவர் ஆட்டம் ஒரு படி உயர்ந்தது என்றுதான் முதல் பார்வையில் தோன்றும்.

இப்போது நிமிடங்களைப் பார்ப்போம். பருவத்தில் ஆட்டத்துக்கு 33.7 நிமிடங்கள் ஆடியவர், பிளேஆஃபில் 39.4 நிமிடங்கள் ஆடினார். அதாவது ஏறத்தாழ 17% அதிகம். பருவத்தில் ஆடிய அதே வேகத்தில் 39.4 நிமிடங்களும் ஆடியிருந்தால் அவருக்கு 28.6 புள்ளிகள், 13.8 ரீபவுண்டுகள், 11.5 அசிஸ்டுகள் வந்திருக்க வேண்டும். கூடிய ஐந்தரைப் புள்ளிகளில் நான்குக்கு மேற்பட்டவை கூடுதல் நிமிடங்களால் வந்தவை. ரீபவுண்டு விகிதம் கிட்டத்தட்ட மாறவில்லை, சொல்லப்போனால் சற்றே குறைந்திருக்கிறது. அசிஸ்ட் விகிதமோ தெளிவாகவே குறைந்திருக்கிறது. அவருடைய ஷாட் வெற்றி விகிதமும் 63.2 சதவீதத்திலிருந்து 54.8 சதவீதத்துக்கு இறங்கியது.

இதனால் யோகிச்சின் சாதனை சிறுத்துப்போய்விட்டதாக யாரும் கொள்ள வேண்டாம். ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் கூடுதலாக, வலுவான எதிரணிகளுக்கு எதிராக, களைப்பை மீறி அதே வேகத்தைக் காப்பாற்றியதே பெரிய செய்தி. ஆனால் அவர் செய்தது என்ன என்பது இப்போதுதான் துலங்குகிறது: பந்தைப் பிறருக்குப் பகிர்ந்த வேலையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, தாமே அதிக ஷாட்டுகளை எடுத்திருக்கிறார். ஆட்டத்துக்கான சராசரியை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது.

நிமிடக் கணக்கைவிடத் துல்லியமானது பொசெஷன் கணக்கு. ஓர் அணி பந்தைப் பெற்றதிலிருந்து அதை எதிரணியிடம் விடும்வரை உள்ளது ஒரு பொசெஷன். பிளேஆஃபில் ஆட்டத்தின் வேகம் பொதுவாகக் குறைவதால், அதே 40 நிமிடங்களில் வீரருக்குக் கிடைக்கும் வாய்ப்புகளும் குறைகின்றன. ஸ்கோர் அட்டையிலிருந்தே இதை மதிப்பிடலாம்: அணியின் ஷாட் முயற்சிகளோடு ஃப்ரீ த்ரோ முயற்சிகளின் 0.44 மடங்கையும் டர்ன்ஓவர்களையும் கூட்டி, தாக்குதல் ரீபவுண்டுகளை (தம் அணியின் தவறிய ஷாட்டைத் தாமே மீண்டும் பிடித்தவை) கழித்தால் பொசெஷன்களின் தோராயமான எண்ணிக்கை கிடைக்கும். ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவும் ஒரு பொசெஷனை முடிப்பதில்லை. இரண்டாகவும் மூன்றாகவும் வருகின்றன, சில நேரம் ஷாட் உள்ளே போன பிறகு கூடுதலாக ஒன்று வருகிறது. அதனால்தான் அந்த 0.44. எண்களை "100 பொசெஷன்களுக்கு" என்று மாற்றி எழுதும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே கைக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: புள்ளி எடுக்கும் திறன்

ஷாட் வெற்றி விகிதம் என்ற பழைய எண் இரண்டு புள்ளி ஷாட்டையும் மூன்று புள்ளி ஷாட்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது, ஃப்ரீ த்ரோவைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இந்தக் குறையைத் தீர்ப்பதற்கு இரண்டு அளவுகள் உள்ளன. முதலாவது திருத்திய ஷாட் விகிதம்: உள்ளே போன ஷாட்டுகளோடு, உள்ளே போன மூன்று புள்ளி ஷாட்டுகளில் பாதியைக் கூட்டி, மொத்த முயற்சிகளால் வகுக்க வேண்டும். இரண்டாவது, ஃப்ரீ த்ரோவையும் உள்ளடக்கிய உண்மை ஷாட் விகிதம்: மொத்தப் புள்ளிகளை, ஷாட் முயற்சிகளோடு ஃப்ரீ த்ரோ முயற்சிகளின் 0.44 மடங்கைக் கூட்டி வரும் எண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்.

2016 ஜூன் 19 அன்று கிளீவ்லாந்து கவாலியர்ஸ், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிகளுக்கு இடையே நடந்த இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். வாரியர்ஸ் அணியின் டிரேமண்ட் கிரீன் 15 முயற்சிகளில் 11 ஷாட்டுகளை உள்ளே போட்டார். அவற்றில் 6 மூன்று புள்ளி ஷாட்டுகள். ஃப்ரீ த்ரோ நான்கில் நான்கு. மொத்தம் 32 புள்ளிகள். 32-ஐ, 15 உடன் 1.76-ஐக் கூட்டி இரு மடங்காக்கிய 33.52-ஆல் வகுத்தால் 95.5% வரும். கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸ் 24 முயற்சிகளில் 9, அவற்றில் மூன்று புள்ளி ஷாட் ஒன்றே ஒன்று, ஃப்ரீ த்ரோ பத்தில் எட்டு, மொத்தம் 27 புள்ளிகள். அவருடைய உண்மை ஷாட் விகிதம் 47.5% மட்டுமே. வாரியர்ஸின் ஸ்டீஃபன் கரி 19 முயற்சிகளில் 6, மூன்று புள்ளி ஷாட் 14-இல் 4, ஃப்ரீ த்ரோ ஒன்று, மொத்தம் 17 புள்ளிகள், விகிதம் 43.7%.

இந்த மூன்று எண்களையும் வைத்துத் தரவரிசை போட்டால் கிரீன் முதலில் வருவார், லெப்ரான் வெகு தூரம் பின்னால் வருவார். ஆனால் ஆட்டத்தை வென்றது கிளீவ்லாந்து, 93-89 என்ற கணக்கில். தொடரின் சிறந்த வீரர் விருது லெப்ரானுக்கு ஒருமனதாகச் சென்றது. கணக்கு தவறில்லை. எடுத்த ஷாட்டுகளிலிருந்து எவ்வளவு புள்ளி வந்தது என்ற ஒரே கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. அதற்கு அப்பால் அதனிடம் எதையும் கேட்கக் கூடாது.

நான்காம் படி: சுமையும் பங்கும்

ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது அணியின் பொசெஷன்களில் எத்தனை சதவீதம் அவருடைய ஷாட்டிலோ, ஃப்ரீ த்ரோவிலோ, டர்ன்ஓவரிலோ முடிகிறது என்பதைக் காட்டும் எண்ணைப் பயன்பாட்டு விகிதம் என்பார்கள். ஐந்து பேர் களத்தில் இருப்பதால் சராசரி 20%. முப்பதைத் தாண்டியவர் அணியின் பாரத்தைத் தாங்குபவர். இந்த எண் இல்லாமல் ஷாட் விகிதத்தைப் படிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பதினைந்து சதவீதப் பங்கோடு, தமக்கென்று திறந்துகிடக்கும் ஷாட்டை மட்டும் எடுப்பவருடைய உயர்ந்த விகிதமும், ஷாட் கடிகாரம் (ஒரு பொசெஷனில் ஷாட் எடுக்க அணிக்கு உள்ள நேர வரம்பு) முடியப்போகும் நேரத்தில் வேறு வழியின்றிக் கடினமான ஷாட்டை எடுப்பவருடைய தாழ்ந்த விகிதமும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவை அல்ல. பிளேஆஃபில் எதிரணியின் தடுப்பு இறுகுவதால், அத்தகைய கடினமான ஷாட்டுகள் அதிகமாகின்றன. அவை அணியின் முதன்மை வீரர் கையில்தான் போய் நிற்கின்றன.

லெப்ரானின் அந்த ஏழாவது ஆட்டத்தில் 11 ரீபவுண்டுகளும் 11 அசிஸ்டுகளும் உண்டு; ஆட்டம் 89-89 என்று சமநிலையில் இருந்தபோது, இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான நேரமே எஞ்சியிருக்கையில், ஆண்ட்ரே இகுவோடாலாவின் ஷாட்டைப் பின்னாலிருந்து ஓடிவந்து தடுத்த அந்தப் புகழ்பெற்ற பிளாக்கும் உண்டு. தொடர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஆட்டத்துக்கு 29.7 புள்ளிகள், 11.3 ரீபவுண்டுகள், 8.9 அசிஸ்டுகள், 2.6 ஸ்டீல்கள், 2.3 பிளாக்குகள், இரண்டு அணிகளின் எல்லா வீரர்களையும் சேர்த்து, ஐந்து பிரிவுகளிலும் அவரே முதலிடம். ஒரு பிளேஆஃப் தொடரில் இதைச் செய்த முதல் வீரர் அவர்.

ஸ்கோர் அட்டை பதிவுசெய்யாத பங்கும் இருக்கிறது. 2019 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில், டொராண்டோ ராப்டர்ஸ் வீரர்கள் இருவர் ஸ்டீஃபன் கரியைச் சூழ்ந்தார்கள். அவர் பந்தை ஷான் லிவிங்ஸ்டனிடம் தள்ளினார். லிவிங்ஸ்டன் இகுவோடாலாவுக்குக் கொடுத்தார். அருகில் தடுப்பவர் எவரும் இல்லாமல் நின்ற இகுவோடாலா மூன்று புள்ளி ஷாட்டை உள்ளே போட்டார். வாரியர்ஸ் 109-104 என்று வென்றது. அட்டையில் மூன்று புள்ளிகள் இகுவோடாலாவுக்கு, அசிஸ்ட் லிவிங்ஸ்டனுக்கு. இரண்டு தடுப்பாளர்களைத் தம்மிடம் இழுத்து அந்த ஷாட்டை உருவாக்கிய கரியின் பெயர் அதில் எங்கும் இல்லை. கேமராத் தரவு வந்த பிறகு, ஷாட் உள்ளே போகாவிட்டாலும் கணக்கில் வரும் சாத்திய அசிஸ்டுகளும், அசிஸ்டுக்கு முந்தைய பாஸும் அதிகாரபூர்வத் தளத்தில் கிடைக்கின்றன. பந்தை அதிகம் கையாளும் வீரரை அளக்கும்போது இந்த இரண்டையும் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எதிரணிக்கு ஏற்பத் திருத்துதல்

பருவத்தில் ஒரு வீரர் 29 அணிகளையும் சந்திக்கிறார்; தொடரில் ஒன்றை மட்டும். அந்த எதிரணி 100 பொசெஷன்களுக்குச் சராசரியாக எத்தனை புள்ளிகளை விட்டுக்கொடுத்தது, என்பிஏ முழுதுக்குமான சராசரி எவ்வளவு என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் அளவுக்கு நம் எதிர்பார்ப்பைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டும். உதாரணத்துக்கு, சராசரி 114 என்றும் எதிரணி விட்டுக்கொடுப்பது 110 என்றும் வைத்துக்கொண்டால், எந்தத் தாக்குதல் வீரரின் திறனும் மூன்று நான்கு சதவீதம் குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அந்த அளவுக்குக் குறைந்தால் அது சரிவாகாது.

சக வீரர்கள் யார் களத்தில் இருந்தார்கள் என்பதும் இந்தப் படியிலேயே அடங்கும். அதே 2019 தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் கெவின் டுரான்ட், கிளே தாம்சன் இருவரும் காயத்தால் ஆடவில்லை. கரி 31 முயற்சிகளில் 47 புள்ளிகள் எடுத்தார். வாரியர்ஸ் 123-109 என்று தோற்றது. எதிரணியின் கவனம் முழுதும் தம் மேல் இருக்க அவர் எடுத்த அந்த 47 புள்ளிகளை, இருவரும் உடனிருந்த ஆட்டங்களின் புள்ளிகளோடு அப்படியே ஒப்பிட முடியாது.

ஆறாம் படி: தற்செயலை அளத்தல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

2023 கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் (என்பிஏவின் கிழக்கு, மேற்கு என்ற இரு பிரிவுகளில் ஒன்றின் இறுதி) மயாமி ஹீட் அணி பாஸ்டன் செல்டிக்ஸை ஏழு ஆட்டங்களில் வென்றது. மயாமியின் கேலப் மார்ட்டின் அந்தத் தொடரில் ஆட்டத்துக்கு 19.3 புள்ளிகள் எடுத்தார். பருவத்தில் அவருடைய சராசரி 9.6 மட்டுமே. மூன்று புள்ளி ஷாட்டில் 45 முயற்சிகளில் 22 உள்ளே போயின, அதாவது 48.9%. பருவத்தில் அது 35.6%. தொடரின் சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் ஜிம்மி பட்லர் 5-4 என்ற கணக்கில்தான் மார்ட்டினை முந்தினார்.

கணக்கை இவ்வாறு போடுங்கள். முயற்சிகளைப் பருவ விகிதத்தால் பெருக்குங்கள்: 45 × 0.356 = 16. இது எதிர்பார்ப்பு. அடுத்து, முயற்சிகள், வெற்றி விகிதம், தோல்வி விகிதம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 45 × 0.356 × 0.644-இன் வர்க்கமூலம் 3.2. இது இயல்பான ஏற்ற இறக்கத்தின் அளவு. மார்ட்டின் எதிர்பார்ப்பைவிட 6 ஷாட்டுகள் அதிகம் போட்டார். அது அந்த அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. திறனில் எந்த மாற்றமும் இல்லாமலேயே இப்படி நடப்பதற்கு நூற்றுக்கு நான்கைந்து வாய்ப்பு இருக்கிறது. அரிதுதான், ஆனால் ஒவ்வொரு பிளேஆஃபிலும் பதினைந்து தொடர்களில் நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஆடுகிறார்கள் என்பதை நினைத்தால், அவர்களில் சிலருக்கு ஒவ்வோர் ஆண்டும் இது நடந்தே தீரும். நடந்தவருடைய பெயர்தான் செய்தியில் வரும்.

அப்படியானால் மார்ட்டினின் தொடர் வெறும் அதிர்ஷ்டம் என்று எழுதிவிடலாமா? கூடாது. எதிர்பார்ப்பைவிட அதிகமாக வந்த 6 மூன்று புள்ளி ஷாட்டுகள் 18 புள்ளிகள். ஏழு ஆட்டங்களுக்குப் பகிர்ந்தால் ஆட்டத்துக்கு இரண்டரைப் புள்ளி. அவருடைய சராசரி கூடியதோ ஏறத்தாழ பத்துப் புள்ளி. மீதி எங்கிருந்து வந்தது? அதிக நிமிடங்கள், அதிக முயற்சிகள், கோட்டுக்கு உள்ளேயும் மிக உயர்ந்த வெற்றி விகிதம். உள்ளே போன ஷாட்டில் தற்செயல் கலந்திருக்கலாம். ஷாட் எடுக்கும் இடத்துக்கு வந்து நிற்பதும், அதை எடுக்கத் துணிவதும், பயிற்சியாளர் நம்பிக் களத்தில் வைத்திருப்பதும் தற்செயலாக நடப்பவை அல்ல. ஆகவே உங்கள் தாளில் இரண்டு நிரல்களைத் தனித்தனியே வையுங்கள்: முயற்சிகளின் எண்ணிக்கையும் இடமும் ஒன்றில், அவற்றின் வெற்றி விகிதம் மற்றொன்றில். முதல் நிரல் சில ஆட்டங்களிலேயே நிலைபெற்றுவிடும். இரண்டாவது நிரலை நம்ப நூற்றுக்கணக்கான ஷாட்டுகள் வேண்டும்.

2013 இறுதித் தொடரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் டேனி கிரீன் முதல் ஐந்து ஆட்டங்களில் 25 மூன்று புள்ளி ஷாட்டுகளைப் போட்டு, 2008-இல் ரே ஆலன் 22 ஷாட்டுகளோடு வைத்திருந்த இறுதித் தொடர்ச் சாதனையை முறியடித்தார். அடுத்த இரண்டு ஆட்டங்களில் எல்லா வகை ஷாட்டுகளையும் சேர்த்து 19 முயற்சிகளில் 2 மட்டுமே உள்ளே போயின. ஸ்பர்ஸ் இரண்டையும் இழந்தது, கோப்பை மயாமிக்குப் போனது. ஐந்து ஆட்டங்கள் முடிந்த நிலையில் எவரேனும் அளந்திருந்தால், அவரைத் தொடரின் சிறந்த வீரர் என்று எழுதியிருப்பார்கள். அதே நேரம், மயாமி வீரர்கள் அவரை முன்பைவிட நெருங்கித் தடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இறங்கிவந்த எண்ணில் தற்செயலும் எதிரணியின் திட்டமும் கலந்தே இருக்கும். ஷாட் எடுத்த கணத்தில் தடுப்பாளர் எத்தனை அடி தூரத்தில் இருந்தார் என்ற கேமராத் தரவு இரண்டையும் ஓரளவு பிரித்துக் காட்டும்.

ஏழாம் படி: பிளஸ்-மைனஸ்

வீரர் களத்தில் இருந்தபோது அணி எத்தனை புள்ளி முன்னேறியது அல்லது பின்தங்கியது என்பதே பிளஸ்-மைனஸ். பருவம் முழுவதற்கும் இது பயனுள்ளது. ஒரு தொடருக்கு இதை வைத்துத் தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்பதில்லை. 48 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடம் ஆடுபவர் வெளியே அமர்ந்திருப்பது 8 நிமிடம். ஆறு ஆட்டங்களில் 48 நிமிடம். ஆக, "அவர் இல்லாதபோது அணி எப்படி ஆடியது" என்ற பாதிக்கு நம்மிடம் இருக்கும் ஆதாரம் ஒரே ஓர் ஆட்டத்தின் அளவுதான். சம வலிமையுள்ள இரண்டு அணிகளுக்குள் ஓர் ஆட்டத்தின் முடிவு பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் எந்தப் பக்கமும் போகலாம். மேலும், முடிவு தெரிந்துவிட்ட கடைசி நிமிடங்களில் மாற்று வீரர்கள் ஆடும் ஆட்டமும் இந்த எண்ணில் கலந்துவிடுகிறது. அந்த நிமிடங்களை நீக்கிவிட்டுப் பார்ப்பது அவசியம்.

பிளஸ்-மைனஸைக் கேள்வி எழுப்பும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். எந்த ஐவர் கூட்டணி மிகவும் பின்தங்கியது என்று பார்த்து, அந்த நிமிடங்களில் என்ன நடந்தது என்று ஒளிப்பதிவில் தேடலாம்.

எட்டாம் படி: தடுப்பாட்டம்

அளப்பதற்கு மிகக் கடினமான பகுதி இதுதான். ஸ்டீலும் பிளாக்கும் தடுப்பாட்டத்தின் சிறு பகுதியைத்தான் காட்டுகின்றன. எந்த வீரரை யார் தடுத்தார், அப்போது எத்தனை புள்ளி வந்தது என்ற பொருத்தத் தரவு அதிகாரபூர்வத் தளத்தில் கிடைக்கிறது. புதியவர்கள் அதை அளவுக்கு மீறி நம்புகிறார்கள்.

2021 மேற்குப் பிரிவு இரண்டாம் சுற்றில் யூட்டா ஜாஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸிடம் 4-2 என்று தோற்றது. அந்தப் பருவத்தின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதைப் பெற்றிருந்த ரூடி கோபேர் யூட்டாவின் மைய வீரர். கிளிப்பர்ஸ் பயிற்சியாளர் டைரன் லூ, உயரமான மைய வீரரை வெளியே அமர்த்திவிட்டு, ஐவரும் தூரத்திலிருந்து ஷாட் எடுக்கக்கூடிய கூட்டணியைக் களமிறக்கினார். ஆறாவது ஆட்டத்தில் 25 புள்ளிகள் பின்தங்கியிருந்த கிளிப்பர்ஸ் மீண்டு வந்து வென்றது. டெரன்ஸ் மேன் 39 புள்ளிகள் எடுத்தார். மூலையில் நின்ற மேனுக்குப் பொறுப்பானவர் பெரும்பாலும் கோபேர் என்பதால், பொருத்தத் தரவு அந்தப் பழியை அவர் மேல் சுமத்தும். ஆனால் பல பொசெஷன்களில் வெளிப்புறத் தடுப்பாளர்களைக் கடந்து ஒரு கிளிப்பர்ஸ் வீரர் கூடையை நோக்கி ஓடிவருகிறார். அவரைத் தடுக்கக் கோபேர் உள்ளே போகிறார். பந்து மூலைக்குப் போகிறது. கூடையை விட்டால் எளிய இரண்டு புள்ளி, மூலையை விட்டால் தடுப்பில்லாத மூன்று புள்ளி. முதல் தவறு யாருடையது என்பதை அந்தத் தரவால் சொல்ல முடியாது.

அதேபோல, எதிரணியின் மூன்று புள்ளி வெற்றி விகிதத்தைத் தடுப்பாளர் கணக்கில் எழுதாதீர்கள். 2018 மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 44 மூன்று புள்ளி முயற்சிகளில் 7 மட்டுமே போட்டது. இடையில் தொடர்ந்து 27 தவறின. வாரியர்ஸின் தடுப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் தொடர்ந்து 27 ஷாட்டுகளைத் தவறவைக்கும் தடுப்பு என்று ஒன்று கிடையாது. ஒரு தடுப்பாளரை அளக்க, அவர் களத்தில் இருந்தபோது எதிரணி கூடைக்கு அருகில் எத்தனை முறை ஷாட் எடுத்தது, எத்தனை ஃப்ரீ த்ரோ பெற்றது, எத்தனை மூன்று புள்ளி முயற்சிகள் எடுத்தது என்று முயற்சிகளை எண்ணுவதே நம்பகமானது.

ஒன்பதாம் படி: ஒற்றை எண் அளவுகள்

ஜான் ஹாலிஞ்சர் உருவாக்கிய திறன் மதிப்பீட்டு எண்ணில் சராசரி வீரர் 15 பெறுவார். தடுப்பாட்டத்தை அது பெரும்பாலும் காண்பதில்லை. பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் உள்ள, ஸ்கோர் அட்டையிலிருந்து பெறப்படும் பிளஸ்-மைனஸ் மதிப்பீடு அதைவிட மேம்பட்டது. அதில் சராசரி பூச்சியம். இரண்டுமே முழுப் பருவத்தை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. மேற்கண்ட எட்டுப் படிகளுக்குப் பிறகு, உங்கள் முடிவோடு அவை பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

பத்தாம் படி: ஒளிப்பதிவும் எழுத்தும்

அதிகாரபூர்வத் தளத்தில் பல எண்களைச் சொடுக்கினால், அந்த எண் எந்தெந்த ஷாட்டுகளிலிருந்து வந்ததோ அவற்றின் காட்சிகள் திறக்கும். உங்கள் தாளில் எதிர்பார்ப்பிலிருந்து மிகவும் விலகிய இரண்டு மூன்று எண்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கான காட்சிகளை முழுமையாகப் பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே மூன்று குறிப்புகள் போதும்: தடுப்பாளர் அருகில் இருந்தாரா, பந்து எவர் வழியாக வந்தது, ஷாட் கடிகாரத்தில் எத்தனை நொடி மிச்சம் இருந்தது.

முடிவை எழுதும்போது ஒரே எண்ணாக எழுதாமல், ஓர் எல்லைக்குள் எழுதுங்கள். "எதிரணியின் வலிமைக்கும் நிமிடங்களுக்கும் திருத்திய பிறகு, இவர் புள்ளி எடுக்கும் வேகம் பருவத்தை ஒட்டியே இருந்தது, முயற்சிகள் கூடின, மூன்று புள்ளி வெற்றி விகிதத்தின் உயர்வில் பெரும்பகுதி தொடர்ந்து நீடிக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை, தடுப்பாட்டத்தில் கூடைக்கு அருகிலான எதிரணி முயற்சிகள் குறைந்தன" என்ற அளவில் நான்கு வரி இருந்தால் போதும். தாளை அழிக்காமல் வைத்திருங்கள். அதே வீரர் அடுத்த சுற்றிலோ அடுத்த ஆண்டிலோ ஆடும்போது, புதிய தொடரின் முயற்சிகளையும் வெற்றிகளையும் பழைய நிரல்களோடு கூட்டிக்கொண்டே போகலாம். 45 ஷாட்டுகள் 200 ஆகும்போது, வெற்றி விகிதத்தின் இயல்பான ஏற்ற இறக்கம் பாதிக்கும் கீழே சுருங்கி, முதல் தொடரில் சொல்ல முடியாதிருந்த பலவற்றைச் சொல்ல முடியும்.